கடைமடைக்குப் போய்ச் சேர்ந்த வாக்கியம்

ரோஸ்லின் நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கணவர் ஜோசப்ராஜ் மஸ்கட்டில். வெள்ளிக்கிழமைதோறும் போனில், "ஒரு எம்.ஏ. முடிச்சுடு ரோசி, பிரமோஷனுக்கு ஆகும்" என்பார். அஞ்சல் வழியில் பொது நிர்வாகம் எடுத்தாள். ஆய்வுத் தலைப்பைப் பாபநாசத்து டுடோரியல்காரரே கொடுத்தார்: 'பொது நிர்வாகக் கோட்பாட்டில் கவிக்கற்பனையின் பங்கு.'

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"அர்த்தம் எதுக்கும்மா? தலைப்பு கனமா இருந்தா திருத்துறவங்க உள்ளே போக மாட்டாங்க."

ரோஸ்லின் உள்ளே போனாள். நல்ல நிர்வாகி கண்ணெதிரே இல்லாததையும் மனக்கண்ணால் காண வேண்டும் என்றது பாடநூல். உதாரணத்துக்கு அவள் அலையவில்லை. அலுவலகப் பீரோவைத் திறந்தாள். இருபத்தாறு வருஷத்து அறிக்கைகள். மழை பெய்த வருஷம், பொய்த்த வருஷம் எல்லாவற்றிலும் ஒரே வரி: 'நீர் கடைமடை வரை தங்குதடையின்றிச் சென்றடைந்தது.' மேட்டூர் அணையைத் திறக்காத ஜூலையிலும் சென்றடைந்திருந்தது. ஒருவர் 'உழவர் முகம் மலர்ந்தது' என்றுகூடச் சேர்த்திருந்தார். கடைசி ஐந்தை அவளே தட்டச்சு செய்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்குக் காது சுட்டது.

எல்லாவற்றையும் எழுதி, 'இவ்வலுவலகத்தில் கவிக்கற்பனை உயிரோடிருக்கிறது' என்று முடித்தாள். அலுவலக அனுமதிக் கையெழுத்துக்காகப் பொறியாளர் அரசப்பனிடம் பயந்துகொண்டே நீட்டினாள். அவர் கடைசி வரியை மட்டும் படித்தார், கண் கலங்கிவிட்டது.

"நம்ம ஆபீசை இதுவரைக்கும் யாரும்மா இப்படிப் பாராட்டியிருக்காங்க?"

அந்தப் புரட்டாசியில், வாய்க்கால் முடிகிற கடைமடைக் கிராமத்திலிருந்து காத்தாயி வந்தாள். கருகிய நாற்றுமுடி ஒன்றை ரோஸ்லினின் மேசைமேல் வைத்தாள்.

"தண்ணி வந்துருச்சுன்னு எழுதியிருக்கீங்களாம். அதனால நிவாரணம் கிடையாதுங்கறாங்க. எந்தப் பக்கமா வந்துச்சும்மா? எங்க கண்ணுல படலியே."

சனிக்கிழமை ரோஸ்லின் மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரில் போனாள். வாய்க்காலுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். திங்களன்று திருத்திய வரைவறிக்கையில் இரண்டே சொல் எழுதினாள்: 'நீர் வரவில்லை.'

அரசப்பனிடமிருந்து சிவப்பு மைக் குறிப்போடு திரும்பி வந்தது: 'கற்பனையைத் தவிர்க்கவும்.'

"நேர்ல பார்த்துட்டு வந்தேன் சார்."

"பார்த்ததையெல்லாம் எழுதினா அது டைரி. ரிப்போர்ட்டுக்குன்னு ஒரு நடை இருக்கும்மா."

அவள் மாற்றவில்லை. சிவப்பு மைக் குறிப்போடு ஒரு நகல் எடுத்துக் காத்தாயி கையில் கொடுத்தாள். காத்தாயி அதைக் குறைதீர் நாளில் கலெக்டரிடம் நீட்டினாள். புதிதாக வந்திருந்த அவர், கடைமடை வரைக்கும் வாய்க்காலுக்குள்ளேயே ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார். சக்கரம் நனையவில்லை. நாற்பத்தொரு குடும்பங்களுக்கு நிவாரணம் கிடைத்தது.

அலுவலகக் காகிதத்தை வெளியே கொடுத்ததற்காக ரோஸ்லினை 'நிர்வாக நலன் கருதி' மயிலாடுதுறைப் பக்கம் மாற்றினார்கள். பிரிவுபசாரத்தில் அரசப்பன் அவளுடைய எழுத்தாற்றலைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். அவள் மிக்சரை முழுக்கத் தின்று முடித்துவிட்டு, நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பஸ்ஸில் அயர்ந்து தூங்கினாள்.