பானையில் விழுந்த மல்லாட்டை

1930களின் கடைசியில் திண்டிவனத்தில், எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி பதவி அப்பனுக்குப் பிறகு மகனுக்குத்தான். அதை மாற்றக் கிளம்பினார் ஜவுளிக்கடை மாமு. கலந்து பேசி முடிவெடுக்கக் குர்ஆனே சொல்கிறது, அதனால் எழுதிவைத்த சட்டமும் ஓட்டும் வேண்டும் என்று இரண்டு வருஷம் வீடு வீடாகப் பேசி இதை ஓட்டுக்கு விட ஜமாத்தைச் சம்மதிக்க வைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின், திரை மறைவில் இரண்டு பானைகள் வைத்தார்கள். பழைய வழக்கத்துக்கு ஒன்று, புதுச் சட்டத்துக்கு ஒன்று. பலருக்கு எழுதத் தெரியாததால் ஆளுக்கொரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட வேண்டும். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்ற எனக்கு எல்லாமே விளையாட்டு. கொறிக்க வைத்திருந்த வேர்க்கடலையில் ஒரு கை அள்ளி மாமுவின் பானையில் போட்டேன்.

எண்ணிப் பார்த்தால் ஆட்களைவிட மல்லாட்டை அதிகம். முத்தவல்லி சிரித்தார்.

"இன்னா பாய், ஒன் சட்டம் அதுக்குள்ள குட்டி போட்டுக்கினு கீது!"

மாமு கூட்டத்தைப் பார்த்தார். "யாரு கூடப் போட்டீங்களோ சொல்லிடுங்கப்பா. திட்ட மாட்டேன். மறுபடியும் போட்டுக்கலாம்."

ஊரையே கிண்டல் செய்கிற நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமு சட்டம் எழுதிவைத்த காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அதற்கப்புறம் ஓட்டு என்ற பேச்சையே ஜமாத்தில் யாரும் எடுக்கவில்லை.

பிறகு அவர் விழுப்புரத்தில் இருந்த மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டார். உண்மையைச் சொல்லிவிடலாமென்று ஒருநாள் ரயிலேறிப் போனேன்.

"வாடா, இப்ப யார வம்புக்கு இழுத்துக்கினு கீற?" என்று கேட்டு டீ கொடுத்தார்.

குடித்துவிட்டு, சொல்லாமலே திரும்பிவிட்டேன்.