உப்பு ஏரித் தண்ணீரும் அத்தையின் கைகளும்

“…நல்லா திருப்பிப் பாத்துக்கோம்மா. ஒரு எடம் இன்னும் முழுசா போகல, அத மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சரின்னு பட்டா கொழந்தயக் குடு. மனசு வரலன்னா ஒரு காபி குடு, குட்ச்சிட்டுப் போய்க்கினே இருக்கேன்” என்று சொல்லி, அத்தை தன் இரண்டு கைகளையும் அந்தப் பெண்ணின் முன்னால் நீட்டினாள். திருப்பதிப் பக்கம் பாகாலாவில், எங்கள் தெருவின் கோடி வீடு அது. பிள்ளை பெற்று அம்மா வீட்டுக்கு வந்திருந்தவள் அந்தப் பெண். அத்தையை வண்டியில் கொண்டுவந்து விட்ட நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அத்தை என் நைனாவின் தங்கை. பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதுதான் அவள் வேலை. மணைப்பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, பயத்தம்மாவு போட்டு, வெந்நீர் ஊற்றிச் சாம்பிராணி காட்டுவாள். குழந்தை வீறிட்டால் பெற்றவள் பதறுவாள், அத்தை பதறமாட்டாள். “சூடு இல்லம்மா, கோவம். தூக்கத்துல எழுப்பினா நீ மட்டும் சிரிப்பியா?” என்பாள். ஒருநாள் சந்தையில் வழிவிடாமல் அதட்டிய போலீஸ்காரரிடம், “உன்ன என் கால்மேல குப்புறப் போட்டு முதுகு தேச்சவ நான், கொஞ்சம் தள்ளி நில்லு நைனா” என்றாள். அவர் தள்ளி நின்றார்.

அந்தக் கைகளில்தான் வெள்ளைச் செதில்கள் வந்தன. திருப்பதியில் தோல் டாக்டர் சொரியாசிஸ் என்றார். “அண்ட்டுகோதம்மா, யாருக்கும் ஒட்டாது” என்று தெலுங்கிலும் தமிழிலும் சொல்லி அனுப்பினார். அத்தை அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பார்த்தாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, கூப்பிடவும் இல்லை. அடுத்த வாரம் சொல்றோம் என்றார்கள், மாமியாரே குளிப்பாட்டுகிறேன் என்கிறார் என்றார்கள். “வியாதி எனக்குக் கையில, அவங்களுக்குக் கண்ணுல” என்று சிரிப்பாள் அத்தை. சிரித்து முடித்ததும் கைகளைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொள்வாள்.

அத்தையின் சம்பந்தியம்மா, அதாவது மருமகனின் தாயார், சூளூர்ப்பேட்டைப் பக்கம் பழவேற்காடு ஏரிக்கரையில் மீன்பிடிக் குடும்பம். வெயில் காலத்தை எங்களோடு கழியுங்கள் என்று அழைத்தார். டாக்டரும் தடுக்கவில்லை. காலை வெயிலும் உப்புத் தண்ணீரும் செதிலை இளக்கும், போய் வாருங்கள், ஆனால் களிம்பை விடாதீர்கள் என்றார். அத்தைக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது.

அவளை அங்கே கொண்டுபோய் விட்டவன் நான்தான். கோடையில் ஏரி உள்வாங்கி, கரையோரம் உப்பு பூத்துக் கிடந்தது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் சேர்ந்து உப்பு நீர்த்துப்போகுமாம். வெயில் ஏற ஏறத்தான் கரிப்பு கூடுமாம். தூசு இல்லாத காற்று. எங்கள் ஊரின் வெந்நீர்ப் புகையிலேயே காலம் தள்ளியவள், முழங்கால் ஆழத்தில் உட்கார்ந்து நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினாள். வெடிப்பில் உப்பு பட்டதும் கத்தினாள். செம்பால் மொண்டு ஊற்றிய சம்பந்தியம்மா விடுவாரா? அண்ணி முறை சொல்லி, “வதினா, ஊர்க் கொழந்தங்க கண்ணுலல்லாம் மாவு போட்டியே, அப்போ அதுங்களும் இப்டித்தான கத்திச்சி?” என்றார். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றியவளுக்கு ஒருத்தி தண்ணீர் ஊற்றி நான் பார்த்தது அன்றுதான்.

செதில் இளகியது. அரிப்பு குறைந்து தூக்கம் வந்தது. அங்கேதான் அத்தை தவறினாள். எங்கள் பக்கம் அம்மை போட்டால் வேப்பிலை மட்டும்தான். மருந்து கொடுத்தால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்பார்கள். அத்தை ஏரியையே ஆத்தாளாக்கிவிட்டாள். ஆத்தா பார்த்துக்கொள்ளும்போது நடுவில் களிம்பு எதற்கு என்று குழாயைப் பரண்மேல் போட்டாள். உடம்பில் காயும் உப்பைக்கூட நல்ல தண்ணீர் விட்டுக் கழுவவில்லை, அது பிரசாதமாம். கொஞ்ச நாளில் தோல் வறண்டு பிளந்து, சீழ் வைத்து, விரலை மடக்க முடியாமல் போயிற்று. நான் போய் அழைத்துவந்தேன். பஸ் ஏர்பேடு தாண்டியதும், “இந்தக் கையால இனிமே கொழந்த தூக்க முடியுமாடா?” என்று கேட்டாள். நேராகத் திருப்பதி டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் திட்டவில்லை. உப்புத் தண்ணீர் தோலை ஊறவைக்கும், ஊறிய தோலில்தான் களிம்பு இறங்கும், இரண்டும் சேர்ந்தால்தான் பலன் என்றார். அத்தை யோசித்தாள்.

“அப்போ ஏரி ஆத்தா இல்லியா, சார்?”

“ஆத்தாதாம்மா. நான் அவங்களுக்குக் கம்பவுண்டர்.”

அந்த ஒரு பேச்சில் அத்தை விழுந்துவிட்டாள். புண் ஆறிய பிறகு மறுபடி ஏரிக்குப் போனாள். உப்பு நீரில் குளியல், உடனே நல்ல தண்ணீர், தேங்காய் எண்ணெய், களிம்பு என்று ஒழுங்காக இருந்தாள். வெயில் காலம் முடிந்து திரும்பியபோது கைகள் ஏறக்குறைய பழைய கைகளாகியிருந்தன. இது போய்விடும் நோயல்ல, வரும் போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உப்புக்கு எவ்வளவு, வெயிலுக்கு எவ்வளவு, களிம்புக்கு எவ்வளவு, பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிய கைக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்க எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பிய பிறகு முதலில் கூப்பிட்டவள் இந்தத் தெருக்கோடிப் பெண்தான். அத்தை நீட்டிய கைகளை அவள் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன் எல்லோரும் பார்க்காததுபோல் பார்த்தார்கள். இவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மிச்சமிருந்த திட்டை விரலால் தடவியும் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“காபி அப்புறமா குடிக்கலாம் அத்த. தண்ணி ஆறுது.”

அத்தை புடவையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள். காலை நீட்டி, குழந்தைக்காகக் கைகளை ஏந்தினாள்.