அக்கா வெட்டிய திராட்சைக் கொடி

மீன் கழுவிய தண்ணீரின் வாடை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு நாக்கில் திராட்சை புளிக்கும். இராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மூங்கில் பந்தல் போட்டு அக்கா வளர்த்த கொடிக்கு அதுதான் எரு. தெருவில் யார் வீட்டில் வஞ்சிரம் வாங்கினாலும் அந்தத் தண்ணீர் எங்கள் கொல்லைக்கு வந்துவிடும். அக்கா கல்யாணமாகித் திருவொற்றியூர் போன பிறகு கொடியின் பவிசு குறைந்தது. தண்டெல்லாம் கட்டை தட்டி, இலை பழுத்து, ஒரு குலைகூட விடாமல் சவலைப் பிள்ளைபோல் நின்றது.

துறைமுகத்தில் வேலை பார்த்த நைனா, காய்ந்த கொம்புகளைக் கழித்தால் புதுத்துளிர் வரும் என்று அரிவாளை எடுத்தார். அம்மா அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். அக்கா அப்போது மாசமாக இருந்தாள். "பொண்ணு வாயும் வவுறுமா கீறப்போ காய்க்கிற கொடிய வெட்டுவாங்களா?" என்பது அம்மாவின் கட்சி. அக்காவின் முதல் குழந்தை பிறந்த சில நாளிலேயே தவறிப்போயிருந்ததால் நைனாவால் எதிர்த்துப் பேச முடியவில்லை. வெட்டாமலே அம்மா வைத்தியம் பார்த்தாள்: வேப்பம் பிண்ணாக்கு, அடுப்புச் சாம்பல், கடைசியில் கருவாடு ஊறிய தண்ணீர். அந்த உப்பில் மிச்சமிருந்த இலையும் கருகியது. கொடி பட்டுப்போனால் அதுவும் அபசகுனமாயிற்றே என்று, காலையில் கொல்லைக் கதவைத் திறக்கவே அம்மா பயந்தாள்.

ஏழாம் மாதம் பிரசவத்துக்கு வந்த அக்கா நேரே கொல்லைக்குத்தான் போனாள். "இன்னாம்மா, ஊறுகா போட்டு வெச்சிகீறயா?" என்று சிரித்தவள், வெட்டாததற்குக் காரணம் தெரிந்ததும் முகம் மாறினாள். "போன வாட்டி யாரு இன்னாத்த வெட்னாங்கோ? புள்ள தங்கிச்சா?" என்றாள். எனக்கு அழுகை வந்தது.

அம்மா எதை எங்கே ஒளிப்பாள் என்று அக்காவுக்குத் தெரியாதா? அரிவாளோடு வந்து கொம்புகளைக் கழிக்கத் தொடங்கினாள். எட்டாததற்கு நைனா ஏணியோடு ஓடிவந்தார். தலையில் கைவைத்து உட்கார்ந்து "வேணாம்டி, வேணாம்டி" என்று புலம்பிய அம்மா, கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தாண்ட ஒண்ணு வுட்டுட்ட பாரு" என்று கையை நீட்டினாள். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மொட்டைக் கொம்பில் துளிர் காணும்வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. முதல் பச்சை தெரிந்த காலையில் தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு பெண் குழந்தை பிறந்தது, தெருமுனைவரை கேட்கிற அழுகையோடு. அது குப்புற விழுந்த நாட்களில் கொடியும் குலை தள்ளியது. பழம் வழக்கம்போலப் புளிதான்; அம்மா மட்டும் கற்கண்டு என்று சாதித்தாள்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. அம்மா, நைனா, அக்கா எல்லோரும் போய்விட்டார்கள். அன்று பிறந்தவளுக்கே தலை நரைத்துவிட்டது. போன வாரம் வந்தவள், நான் பார்த்துப் பார்த்து வளர்க்கும் ரோஜாச் செடியை என்னைக் கேட்காமலே வெட்டத் தொடங்கினாள். "வேணாம்டி" என்று கையைப் பிடித்தேன். "சும்மா குந்து சின்னம்மா, துளிர் வுட்டுக்கும்" என்றாள்.

பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பிறகு, "அந்தாண்ட ஒண்ணு வுட்டுட்ட பாரு" என்றேன்.