கதவோரம் அடுக்கிய கண்ணாடி

“சாவு ஊர்வலம் எதிர்ல வந்தா இன்னா பண்ணணும், தெரியுமா கனிம்மா?” வண்டியை ஓட்டிக்கொண்டே துலுக்கானம் கேட்டார்.

“ஓரமா நிறுத்தணும்ணா,” என்றாள் கனிமொழி.

“நிறுத்துனா போதுமா? கூல்டிரிங்ஸ் வண்டிய பாத்தா சும்மா வுடுவானுங்களா? அவனுங்க கேக்கறதுக்கு முன்ன நாமளே ஒரு கேஸ் எறக்கிக் குட்த்துடணும். செத்தவனுக்கும் மரியாத, நமக்கும் மரியாத.”

“ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?”

“வழியில ஒடஞ்சிட்ச்சின்னு வெச்சிப்பாரு. அவருக்கும் தெரியும். ஆனா பிளாஸ்டிக் பாட்டிலுதான் குடுக்கணும். குடிச்சிட்டு ஆடறவன் கையில கண்ணாடிய குட்த்தா, அது அப்பால யாரு வயித்துல போவும்னு சொல்ல முடியாது.”

“நீங்க கண்ணாடி பாட்டில் குடுத்ததே இல்லையா?”

“அட்ச்சிக் கேட்டாகூட குட்த்ததில்ல,” என்று சிரித்தார்.

கூல்டிரிங்ஸ் ஏஜென்சிக்குக் கடை கடையாக ஆர்டர் எடுக்கும் வேலைக்காகச் சங்கரன்கோவிலிலிருந்து வந்தவள் கனிமொழி. அவள் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடம் கிடந்ததால் அந்த வாரம் முழுக்க துலுக்கானத்தின் ‘குட்டி யானை’ சரக்கு வண்டியில்தான் சுற்றினாள். அவர் பேசுவார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

துலுக்கானம் மேனாம்பேட்டுக்காரர். அப்பாவும் அம்மாவும் நாற்று நட்ட நிலத்தில் தொழிற்சாலைக் கொட்டகைகள் எழும்பியபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. சோடா கம்பெனியில் பாட்டில் கழுவப் போனார். வளர்ந்த பிறகு, எங்கே தகராறு என்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் டீக்கடை வாசலில் ஒருவனைத் தலைமுடியைப் பிடித்து, சிமெண்டுப் படியில் தாடை பெயரும்வரை மோதினார். எதற்காக என்று கனிமொழி கேட்டபோது அவருக்கே நினைவில்லை. புழல் ஜெயிலிலிருந்து வெளியே வந்தவரை வேறு யாரும் சேர்க்கவில்லை. ஏஜென்சி முதலாளி ஜெயராமன்தான் நம்பி வண்டிச் சாவியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு துலுக்கானம் யார்மேலும் கை வைத்ததில்லை. எவனாவது அம்மாவை இழுத்துத் திட்டினால் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். விரல் முட்டிகள் வெளுத்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை முகூர்த்த நாள். கோவில்பதாகையைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சரக்கு போக வேண்டியிருந்தது. கடைசியில் இறக்குவதை முதலில் ஏற்றுவதுதான் வழக்கம். மண்டபத்துக்கான பிளாஸ்டிக் பாட்டில்கள் வண்டியின் அடிவயிற்றுக்குப் போயின. வழியிலுள்ள பெட்டிக்கடைகளுக்கான கண்ணாடி பாட்டில்கள் கதவோரம் நின்றன.

ஏரிக்கரைத் திருப்பத்தில் மேளச் சத்தம் கேட்டது. வெட்டுப்பட்டுச் செத்த ஒருவனின் ஊர்வலம். பிய்த்தெறிந்த மாலைகள் முன் கண்ணாடியில் வந்து விழுந்தன. துலுக்கானம் ஓரங்கட்டி இறங்கினார். பின்கதவைத் திறந்தார். பிளாஸ்டிக்கை எடுக்க வேண்டுமென்றால் பாதி வண்டியைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் பத்துக் கைகள் வண்டியைத் தட்ட ஆரம்பித்துவிட்டன.

“இன்னா நைனா, உள்ள குடித்தனமா பண்றே? சீக்கிரம் எட்றா.”

பக்கக் கண்ணாடியில் கனிமொழி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு கண்ணாடி கேஸை இழுத்துத் தரையில் வைத்தது.

காலையிலிருந்து வெயிலில் காய்ந்த பாட்டில்கள். ஒருவன் பாட்டிலைத் தலைக்குமேல் குலுக்கிக்கொண்டே ஆடினான். கை நழுவியது. வெடி போட்டதுபோல் அது தெறித்தது. செத்தவனின் தம்பி எழில் வெறுங்காலோடு நின்றிருந்தான். ஒரு சில்லு அவன் கெண்டைக்காலில் ஏறி நின்றது.

“எங்க அண்ணன் சாவுல எனக்கு ரத்தமா? எவன்டா கண்ணாடி குட்த்தது?”

“நாந்தான் நைனா. தப்புதான், மன்னிச்சுடு.” துலுக்கானம் கைகூப்பினார்.

எழில் அறைந்தான். சட்டையைக் கொத்தாகப் பிடித்து வண்டியோடு சாய்த்து மறுபடி அறைந்தான். “மேனாம்பேடு துலுக்கானம்னா பெரிய ஆளுன்னானுங்க. இன்னாடா, பொட்ட மாரி கும்புட்றே?”

கூப்பிய கைகள் பிரியவில்லை. எழில் ஒரு பாட்டிலின் அடியைக் கதவு விளிம்பில் தட்டி உடைத்தான். முகத்தைப் பார்த்துக் குத்தினான். துலுக்கானம் கையைக் குறுக்கே கொடுத்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சதை வாய் பிளந்தது.

அவர் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு டிரைவர் கதவுக்கு வந்தார். கனிமொழி அவர் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். அந்த முகத்துக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பானரை உருவினார். முதல் அடி, துரத்தி வந்த எழிலின் மணிக்கட்டில். பாட்டில் கீழே விழுந்தது. இரண்டாவது முழங்காலில். அவன் மண்டியிட்டான். மூன்றாவதை நிதானமாக ஓங்கி முகத்தில் இறக்கினார். ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். ஒரு கண்ணிருந்த இடம் குழைந்துபோனது. மேளக்காரர்களுக்கு விஷயம் எட்டவில்லை. அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு பாட்டில்கள் பறந்தன. முன் கண்ணாடி நொறுங்கி அவள் மடியில் கொட்டியது. பாடையை நடுரோட்டில் இறக்கிவிட்டு எல்லோரும் வண்டியைச் சூழ்ந்தார்கள். போலீஸ் வரும்வரை துலுக்கானத்தை மிதித்தார்கள்.

எழில் பிழைத்தான். கண் போயிற்று. துலுக்கானம்தான் முதலில் இரும்பைத் தூக்கினார் என்று ஊர்வலத்தில் வந்த அத்தனை பேரும் சொன்னார்கள். கொலை முயற்சி வழக்கு. பழைய கேஸ் இருந்ததால் ஜாமீனும் கிடைக்காது என்றார் வக்கீல்.

“நீ ஒருத்திதாம்மா ஆரம்பத்துலேர்ந்து பாத்தவ,” என்றார் ஜெயராமன். “அவன்தான் மொதல்ல குத்துனான்னு நீ சொன்னாத்தான் துலுக்கானம் வெளிய வருவான்.”

சொல்கிறேன் என்றாள்.

அன்று சாயங்காலம் ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ வாசலில் ஒருவன் அவள் உள்ளங்கையைப் பிடித்து விரித்தான். உடைந்த பாட்டிலின் கழுத்தை அதில் வைத்து விரல்களை மூடி அழுத்தினான். “பத்தரமா வெச்சிக்கமா. மூணாவது மாடிலதானே நீ தங்கியிருக்கே?” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். துலுக்கானத்தின் நல்ல கையைக் கட்டிலோடு சேர்த்து விலங்கிட்டிருந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் டீ குடிக்க வெளியே போனார். அவள் கையிலிருந்த கட்டைத் துலுக்கானம் பார்த்தார்.

“வந்தானுங்களா?”

அவள் கட்டுப் போட்ட கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

“மூணாவது அடி தேவையே இல்ல, கனிம்மா. தெரிஞ்சேதான் அட்ச்சேன். அவன் மண்டி போட்டுட்டான், அட்ச்சது எனக்கு நல்லா இருந்துச்சு.” உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் மெதுவாக வந்தன. “உள்ள எனக்குப் பழக்கந்தான். நீ ஒண்ணு பண்றியா? போலீஸ் கேட்டா, குனிஞ்சி போன் பாத்துகினு இருந்தேன், ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு, ஊருக்கு ரயிலு ஏறிடு.”