ஒரே அடியில் சிதறிய காய்

அப்பாவின் ரெஸ்டோரண்ட் வேலை முடிந்து நாங்கள் பாரிஸின் ரூ பஜோல் தெருவுக்கு ஓடிவந்தபோது பிள்ளையார் தேர் கிட்ட வந்துவிட்டது. கடைகளில் ஒரு தேங்காய்கூட மிச்சமில்லை. அம்மா ஆஸ்பத்திரியில். ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, அசையக்கூடாது என்று படுக்கவைத்திருந்தார்கள். பிள்ளை தங்கவேண்டும் என்று பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் நேர்ந்தவர் அவர்தான்.

நல்லவேளை என்று சொல்லமாட்டேன், அப்போதுதான் சித்தப்பா வந்தார். எங்கள் வீட்டில் எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரே அப்படித்தான் சொல்லுவார். கையில் உரித்த தேங்காய் போலவே ஒரு மண்ணிற உருண்டை. கூட வேலைசெய்யும் பிரேசில்காரர் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம்.

"அண்ணை, இது அமேசன் காட்டுக் காய். உள்ளுக்கை பிரேசில் கொட்டை. புரதம், நல்ல கொழுப்பு, செலீனியம் எல்லாம் இருக்கு. ஒரு நாளைக்கு ஒண்டு ரெண்டு போதும், அளவுக்கு மிஞ்சினால் கூடாது. பிள்ளையாருக்கும் நல்லது, அண்ணிக்கும் நல்லது. எறியுங்கோ!"

அந்த மரம் இங்கத்தைய மாடிவீடுகளைவிட உயரமாம். காய் தலையில் விழுந்தால் ஆள் முடிந்தானாம். இவ்வளவும் சொன்ன மனுசன், அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் அது உடையாது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அப்பா கண்ணைமூடி ஓங்கி அடித்தார். காய் டங்கென்று எழும்பி உருண்டது. சுற்றி நின்றவர்கள் எட்டிப்பார்த்தார்கள். திரும்ப அடித்தார். திரும்பவும். "ஐயோ, உடையுதில்லையே!" என்று ஒரு மாமி வாயில் கைவைத்தார். உடையாவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று எனக்கும் தெரியும். தேர் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

அம்மாவின் போன் வந்தது.

"ஓமப்பா, ஒரே அடியிலை சிதறிட்டுது" என்றார் அப்பா.

பொய் சொன்னால் என் காதைத் திருகுகிற அதே அப்பா! "இவளைக் கேளும்" என்று போனை என்னிடம் நீட்டினார். நானும் "ஓம்" என்றேன்.

வீட்டில் சித்தப்பா இரும்பறுக்கும் வாளால் அதை அறுத்தார். உள்ளே தோடம்பழச் சுளை மாதிரிக் கொட்டைகள் நெருங்கி இருந்தன, ஒவ்வொன்றும் தனி ஓட்டுக்குள்.

அடுத்தநாள் அவற்றை, தேங்காய்க்குப் பதிலாக உடைத்த காயின் கொட்டைகள் என்று சொல்லி, அம்மாவிடம் கொண்டுபோனோம். தெருவில் சிதறிய காயாம், கொட்டைகளில் தெருவில் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. அம்மா உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். வாள் பட்டு ஓரம் நேராக அறுபட்டிருந்த ஒன்றைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தை.

"நல்லாச் சிதறியிருக்கு" என்றார். அதையே உடைத்துத் தரச்சொல்லி மெதுவாக மென்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கை நல்லபடியாகப் பிறந்தாள். ஒவ்வொரு தேருக்கும் அம்மா அவளிடம், "உனக்காக அப்பா ஒரே அடியிலை உடைச்சவர்" என்று சொல்லுவார். பாவம், அம்மா நன்றாக ஏமாந்துவிட்டார் என்றே பல வருடங்கள் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.