ரிப்போர்ட்டில் இல்லாத வலி

எனக்கு வலிப்பது நெஞ்சுக்குழிக்குக் கீழே, ஒரு கை அகலத்தில். கேட்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, "வாய்வுமா." இஞ்சி, ஓமம், சீரகம் எல்லாம் ஆனது. குடலேற்றம் என்று சேவூரில் ஒருவரிடம் போய் எண்ணெய் போட்டு வயிற்றை நீவிவிட்டுக்கொண்டும் வந்தேன். வலி மரியாதைக்கு ஒருநாள் லீவு எடுத்துவிட்டு மறுநாள் வேலைக்குத் திரும்பியது.

கடைசியில் வேலூருக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டும் பார்த்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஒன்னுமில்லமா, எல்லாம் நார்மல்" என்றார். என் கணவர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவருடைய அப்பா வயிற்றில் கட்டி வந்து இறந்தவர். அந்தப் பயத்தை வாய் திறக்காமல் வேலூர் வரைக்கும் சுமந்து வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. திரும்பும்போது ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா வாங்கினார். அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்ததும் டப்பாவைப் பிரித்து ஒன்றை என் வாயருகே நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். எனக்கோ அப்போதும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு ஒரு பெயராவது கிடைக்கும் என்று நம்பிப் போயிருந்தேன்.

அந்த பேடா தெரு முழுக்கப் போனது. "ஒன்னுமில்லன்னு சொல்ட்டாங்க" என்று அவரே வீடுவீடாகக் கொடுத்தார். அதன்பிறகு நான் வயிற்றில் கை வைத்தால் போதும், நாத்தனார் சிரிப்பார். "பேடா துன்னப்புறமும் இன்னாமா வலி?" அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். கணவர்மேல்தான் கோபம். "டாக்டரே சொல்ட்டாருல்ல, மனசுல போட்டுகினு இருக்காத" என்பார். அன்பாகத்தான் சொல்வார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும். கட்டியவரே நம்பவில்லை என்றால் யாரிடம் போய் நிற்பது? வலிக்கிறது என்று சொல்வதையே விட்டுவிட்டேன்.

வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவர், ஒன்றில் நான், நடுவில் ஒரு சுவர். வலி வந்தால் தறியை நிறுத்திவிட்டு, கையை மடக்கி வயிற்றில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் தறி நின்றால் சற்று நேரத்தில் அவருடையதும் நின்றுவிடுவதைக் கொஞ்சநாள் கழித்துத்தான் கவனித்தேன். எழுந்துபோய் வெந்நீர் வைப்பார். டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் தறிக்குப் போய்விடுவார். ஒருநாள் பொறுக்காமல் நானே கேட்டேன்.

"ஒன்னுமில்லன்னு ஊர்பூரா சொல்லிகினு இருந்தீங்களே, இப்ப இன்னாத்துக்கு வெந்நீர்?"

"சும்மா தறிய நிறுத்துற ஆளா நீ?" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை. "குடி, ஆறிடப் போவுது."

குடித்தேன். வலி குறையவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

போன மாதம் ஆரணியிலேயே ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயசு, பொறுமையான பெண். பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் படித்துவிட்டுச் சொன்னார்: "உங்க வலி நிஜம்தாம்மா. டெஸ்ட்டுல தெரியல, அவ்ளோதான். இந்த மாதிரி நிறைய பேர் வராங்க. சிலருக்கு தானா போயிடும், சிலருக்கு வருஷக்கணக்கா வந்து வந்து போகும். இவ்ளோ நாள்ல எடை குறையல, வேற எதுவும் வரல. அதனால பெரிய வியாதியா மாறிடுமோன்னு பயந்துகினு இருக்காதீங்க. கொஞ்சம் கொறைக்க மாத்திரை தரேன். ஆனா சுத்தமா போயிடும்னு என்னால சொல்ல முடியாது."

நான் கணவரைப் பார்த்தேன். ஒரு நார்மலுக்கே தெரு முழுக்க பேடா கொடுத்த மனுஷர், இதைக் கேட்டு உடைந்துபோவாரோ என்று எனக்குப் பயம். அவர் என் ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இருந்துட்டுப் போவட்டும் மேடம்" என்றார். "எங்க வலிதான, நாங்க பாத்துக்கறோம்."