மீனம்மா இல்லாத வாசல்

பெற்றீசியா தலவாக்கலையில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்தாள். ஒரு கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, அந்தப் படங்களை இணைத்துக் கணினியில் முப்பரிமாண மாதிரி செய்வது அவள் வேலை. அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு பழைய லயத்தை அப்படிச் செய்துதரும்படி சுற்றுலா நிறுவனம் ஒன்று கேட்டிருந்தது. அவளும் லயத்தில் பிறந்தவள்தான். அதனாலேயே அந்த இடத்தில் நிற்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மேகம் மூடிய நாளாகப் பார்த்துத்தான் போனாள். வெயிலடித்தால் நிழல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு மாதிரியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தக் கறுப்பு போகாது. காற்றில் ஆடும் துணி படத்துக்குப் படம் இடம் மாறிக் குழப்பும் என்று துணிக்கொடிகளை அவிழ்க்கச் சொன்னாள். முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார்கள். கடைசிக் காம்பிரா வீட்டில் இருந்த மீனம்மா மட்டும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் உள்ள போங்க. ஆள் நின்னா படம் கெட்டுப்போகும்."

"நான் நின்னா கெட்டுப்போகுதா? அப்ப எதுக்குடி என் வீட்ட எடுக்க வந்த?"

பெற்றீசியா பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். அவள் நகர நகர, மீனம்மாவும் வேண்டுமென்றே வாசலை மறைத்து மறைத்து நகர்ந்தாள்.

ஸ்டூடியோவில் மங்கலான படங்களைக் கழித்தாள். நிறத்தை ஒரே சீராக்கினாள். வானத்தையும் மீனம்மாவையும் ஒவ்வொரு படத்திலும் கோடிழுத்து மறைத்தாள். ஆனால் மீனம்மாவுக்குப் பின்னால் இருந்தது எந்தப் படத்திலும் விழவில்லை. மாதிரியில் வாசல் கிழிந்த ஓட்டையாக வந்தது.

"இதையா அவங்களுக்குக் காட்டச் சொல்ற?" என்று முதலாளி யோகேஸ்வரன் எல்லோர் முன்னாலும் கத்தினார். "ஒரு பொம்பளைய நகத்தத் தெரியல. நீயெல்லாம் எதுக்கு கேமராவத் தூக்கிக்கிட்டுப் போற?"

மறுவாரம், மீனம்மா கொழுந்தெடுக்கப் போன நேரமாகப் பார்த்து, திருடியைப்போலப் போய் எடுத்துவந்தாள். பூட்டிய கதவும் உரிந்த சுண்ணாம்பும் ஈரமேறிய சுவரும் பழுதில்லாமல் வந்தன. யோகேஸ்வரன் பாராட்டவில்லை. திட்டாமல் போனார், அவ்வளவுதான்.

மாதிரி இணையத்தில் வெளியான பிறகு ஒருநாள், அக்கரப்பத்தனையிலிருந்து வந்த பஸ்ஸில் பெற்றீசியா லிந்துலையில் ஏறினாள். மீனம்மாவின் பக்கத்தில் மட்டுமே இடமிருந்தது. அவளைப் பார்த்ததும் மீனம்மா தன் பையைத் தூக்கி அந்த சீட்டில் வைத்தாள்.

"என் மக போன்ல காட்டுனா. நல்லாத்தான் இருக்கு, எல்லாரும் செத்துப்போன லயம் மாதிரி."

"எனக்குச் சொன்ன வேலைய நான் செஞ்சேன்."

"செஞ்ச. நான் இல்லாத நேரமா பாத்து வந்து செஞ்ச."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெற்றீசியாவுக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, பையை எடுக்கச் சொல்லவும் வரவில்லை. கம்பியைப் பிடித்தபடி தலவாக்கலைவரை நின்றே போனாள். இறங்கும்போதும் அந்தப் பொம்பளைமேல் இருந்த கோபம் தீரவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதால் அது இன்னும் கூடித்தான் போயிருந்தது.